அவள் பெயர் அஸ்மிதா

தாளாளர் அறையில் அன்று நான் ஒரு வாக்கியத்தைச் சொல்லவில்லை. "என் பிள்ளை அப்படியெல்லாம் பேசுகிறவன் இல்லை சார்" என்ற வாக்கியம். அது என் வாயிலிருந்து வரும் என்று அந்த அறையில் எல்லோரும் காத்திருந்தார்கள். தாளாளர் மேசைமேல் கைகளைக் கோத்துக்கொண்டு காத்திருந்தார். மாயா தன் மகளின் தோளைப் பிடித்தபடி தலை குனிந்திருந்தாள். நீ கழுத்தில் விசில் தொங்க, சுவரோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். உன் முகத்தில் பயம்கூட இல்லை. அம்மா சொல்லிவிடுவாள் என்ற நிச்சயம்தான் இருந்தது. நான் சொன்னது வேறு. "பேசினான் சார். வீட்டுல எங்கிட்டயே ஒத்துக்கிட்டான்."

அந்த ஒரு வரியைத்தான் இப்போது நீ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாய். "எங்கம்மாவே என் வேலைய காலி பண்ட்டாங்க" என்று நீ உன் நண்பர்களிடம் சொன்னது, ஆவடி குவார்ட்டர்ஸில் மூன்று தெரு சுற்றி என் காதுக்கே வந்துவிட்டது. தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சு நிற்கிறது. நாளை மறுநாள் நீ பெங்களூருக்குப் போகிறாய். ஜிம்மில் வேலை என்று உன் அப்பாவிடம்தான் சொன்னாய். பெட்டியில் துணி அடுக்கியபோது நான் அதே அறையில் இருந்தேன், நீ என்னைத் தாண்டித் தாண்டி நடந்தாய். இந்தக் கடிதத்தை மடித்து உன் சட்டைகளுக்கு நடுவே வைத்திருக்கலாம். என்னைப் பற்றி நாலு பேர் தெரிந்துகொள்வதை நான் விரும்புகிறவள் இல்லை, அது உனக்குத் தெரியும். ஆனால் நீ என்னைப் பற்றிப் பொதுவில் பேசியாகிவிட்டது. நானும் பொதுவிலேயே பதில் சொல்கிறேன்.

முதலில் அந்த மனுவைப் பற்றிச் சொல்கிறேன். மண்ணூர்பேட்டையில் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் போகிற சாலையில் நான் உட்காரும் ஜெராக்ஸ் கடைக்கு நீ எத்தனையோ முறை சாவி கொடுக்க வந்திருக்கிறாய். நகல் எடுப்பது பாதி வேலை, மனு டைப் செய்வது மீதி. ரேஷன் கார்டு, தெரு விளக்கு, பக்கத்து வீட்டுச் சண்டை என்று எதற்கும் வருவார்கள். இந்தத் தொழிலில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லோருக்கும் தெரிந்த ஒரு வழக்கம் உண்டு. யாராவது யாரையாவது எவ்வளவு கேவலமாகத் திட்டியிருந்தாலும், அதை மனுவில் டைப் செய்வதில்லை. "தகாத வார்த்தைகளால் திட்டினார்" என்று போட்டுவிடுவோம். படிக்கிற அதிகாரியின் கண் கூசக் கூடாதாம். திட்டு வாங்கியவர் காது கூசியது ஒரு பொருட்டில்லை. வருகிறவர்களும் அதைத்தான் கேட்பார்கள். "நல்ல வார்த்தையா போட்டுக் குடும்மா" என்பார்கள்.

மாயாவும் அப்படித்தான் கேட்டாள். அவள் நேபாளத்துக்காரி. எஸ்டேட்டில் ஒரு துணி கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுகிறாள். கணவன் அங்கேயே ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. ஆதார் நகல் எடுக்க வந்து பழக்கமானவள். அன்று மாலை மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். பெண்ணுக்குப் பத்து வயது இருக்கும். இரட்டைப் பின்னல், நீ வேலை பார்த்த பள்ளியின் யூனிஃபார்ம். பிறந்தது இங்கே கே.கே. நகர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில், வளர்ந்தது மண்ணூர்பேட்டையில். அவள் வாயைத் திறந்தால் வருவது உன் தமிழ்தான்.

"அக்கா, இஸ்கூலுக்கு ஒரு லெட்டர் எழுதணும். பாப்பாவ பி.டி. சார் தப்பு தப்பா பேசறாரு," என்றாள் மாயா.

"என்ன பேசறாரு?"

"அத எப்டிக்கா வாயால சொல்றது? நீயே நல்லதா போட்டு எழுது."

"நான் சொல்றேன் ஆன்ட்டி," என்று ஸ்டூலிலிருந்து எழுந்தாள் அந்தப் பெண். இடது கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தாடையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். "ஏய் மோமோ! இன்னா, தூங்கிக்கினே ஓட்றியா? கண்ணத் தொறந்துகினு ஓடுடி சைனாக்காரி! காலைல ஊட்ல நாய்க்கறி துன்னல? இப்டி சொல்லிட்டு சார் விசில் ஊதுவாரு. எல்லாரும் சிரிப்பாங்க."

அவள் உன் பெயரைச் சொல்லும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த "இன்னா"வை இழுக்கிற விதம், அந்தத் தாடை, இடது கை இடுப்பில். குழந்தைகள் நன்றாக நடிப்பார்கள், அதுவும் தங்களை அடிக்கிறவர்களை. ஒரு பத்து வயதுப் பெண்ணின் வாயிலிருந்து நான் பெற்றவனின் குரல் வந்தது.

"அப்ப நீ என்ன பண்ணுவ?" என்று கேட்டேன்.

"நானும் சிரிப்பேன். சிரிக்காட்டி இன்னும் சொல்வாங்க."

அவளுக்குத் தெரிந்த இந்த விஷயம் உனக்கும் தெரியும். ஏழாம் வகுப்பில் நீ அப்படித்தான் சிரித்தாய். கரண்ட் போகும்போதெல்லாம் உன் சயின்ஸ் சார் உன்னை எழுந்து நிற்கச் சொல்வார். "டேய் ஆப்பிரிக்கா, பல்லக் காட்டுடா, நீ எங்க இருக்கன்னே தெரியல." வகுப்பு முழுக்கச் சிரிக்கும், நீயும் பல்லைக் காட்டிச் சிரிப்பாய். அந்த ஆண்டின் வகுப்புப் புகைப்படத்தில் வாயை இறுக்க மூடிக்கொண்டு நிற்கிறாய். அதற்குப் பிறகு எடுத்த எந்தப் படத்திலும் உன் பல் தெரியவில்லை. விஷயம் உன் நண்பன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நான் மனு எழுதிக்கொண்டு போனேன். அப்போது எனக்கு வயது முப்பத்தொன்றோ என்னவோ, எனக்கும் உனக்கும் பத்தொன்பது வயதுதானே வித்தியாசம். வாசலில் இருந்தவர் என்னை உன் அக்கா என்று நினைத்து, பெற்றோர் யாரையாவது வரச் சொல்லு என்றார். உள்ளே போனேன். தலைமையாசிரியை என் மனுவை இரண்டு முறை படித்துவிட்டு, "தகாத வார்த்தைன்னு போட்டிருக்கீங்க. என்ன வார்த்தைன்னு இதுல இல்லையேம்மா" என்றார். அந்த சாரைக் கூப்பிட்டார். அவர் சிரித்துக்கொண்டே வந்தார். "செல்லமா கூப்புடறதும்மா. அவனே சிரிப்பான், கேட்டுப் பாருங்க." அவ்வளவுதான், முடிந்தது. அவர் சால்வை மாலையோடு ஓய்வு பெற்றார். அந்த விழாவுக்கு நீ நாற்காலி தூக்கினாய்.

அதனால் அன்று மாயா தடுத்தும் நான் கேட்கவில்லை. அந்தப் பெண் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் டைப் செய்தேன். மேற்கோள் குறிக்குள் போட்டேன். "அக்கா, நாயின்னெல்லாம் போடாத, அசிங்கம். ஹெட் மேடம் படிப்பாங்க" என்றாள் மாயா. படிக்கட்டும் என்றேன். பெண்ணின் பெயர் கேட்டேன், அஸ்மிதா என்றாள். ஆசிரியரின் பெயர் கேட்டேன். அஸ்மிதா சொன்னாள், அதையும் டைப் செய்தேன். நீ என் மகன் என்று அவர்களிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மாயா அந்த நிமிடமே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மகளை இழுத்துக்கொண்டு போயிருப்பாள். அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அன்று ராத்திரி வீட்டில் நடந்ததை நீ யாரிடமும் முழுதாகச் சொல்வதில்லை. நான் சொல்கிறேன். நீ வடை தின்றுகொண்டிருந்தாய். அப்பா ஷிப்டுக்குக் கிளம்ப ஷூ மாட்டிக்கொண்டிருந்தார்.

"அஸ்மிதான்னு ஒரு பொண்ணு உன் கிளாஸ்ல இருக்காளா?"

நீ யோசித்தாய். நிஜமாகவே யோசித்தாய். "எந்தக் கிளாஸு? ...ஓ, மோமோவா! செமயா ஓடும்மா அது. இன்டர் ஸ்கூல்ல இறக்கலாம்னு கீறேன்."

"ஏன் அப்படிக் கூப்புடற?"

"செல்லமாத்தாம்மா. அதுவே சிரிக்கும்."

அந்த வாக்கியம் அப்படியே, சொல் மாறாமல், உன் வாயில் வந்தது. நீ கவனித்தாயா என்று பார்த்தேன். கவனிக்கவில்லை.

"நாய்க்கறி துன்னலையான்னு கேட்டியா?"

"யாரு சொன்னா? ...கேட்டேன், ஜாலிக்கு. இப்ப இன்னா அதுக்கு? அவங்க துன்றவங்கதான?"

உன் அப்பா ஷூ கயிற்றைக் கட்டியபடியே சிரித்தார். அவர் சிரித்ததையும் எழுதிவிடுகிறேன், பழி முழுவதும் உன் ஒருவன் தலையில் விழ வேண்டாம். ஏழாம் வகுப்பில் உனக்கு நடந்ததை நினைவுபடுத்தினேன். உன் முகம் இறுகியது. "அதும் இதும் ஒண்ணாம்மா? அந்தாளு என்ன அசிங்கப்படுத்தணும்னே சொன்னான். நான் வெளாட்டுக்கு சொல்றேன்." பிறகுதான் மனுவை டைப் செய்தது நான் என்று சொன்னேன்.

"எம் பேரப் போட்டா?"

"போட்டுத்தான்."

வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டாய். அப்பா நிமிர்ந்தார். "பெத்த புள்ளைய எவளாவது காட்டிக் குடுப்பாளாடி? காலைல போய் அந்த லெட்டரத் திரும்ப வாங்கிக்கினு வா." வாங்க மாட்டேன் என்றேன். அன்றிலிருந்து அவர் என்னிடம் பேசுவது சாப்பாட்டைப் பற்றி மட்டும்தான்.

அந்த அறையில் நடந்தது உனக்குத் தெரியும், ஆனாலும் நீ வெளியே சொல்கிற கதையில் அது வேறு மாதிரி இருக்கிறது. மாயாவுக்குப் பெரிய மனிதர்களிடம் தமிழ் பேசக் கூச்சம், அதனால் என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். நான் போனேன். உள்ளே நுழைந்ததும் உங்கள் கிளார்க் பெண் என்னைப் பார்த்து, "மேடம், நீங்க பி.டி. சாரோட அம்மாதானே? ஸ்போர்ட்ஸ் டேக்கு வந்திருந்தீங்களே" என்றாள். மாயா என் பக்கம் திரும்பினாள். அஸ்மிதா அதுவரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "சார் உங்க பையனா ஆன்ட்டி?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கையை எடுத்துக்கொண்டு அவள் அம்மாவின் மறுபக்கம் போய் நின்றாள். உனக்கு வேலை போனது. எனக்கு அந்தக் கை போனது. உன்னுடைய வேலையைவிட அது பெரிது என்று நான் சொன்னால் நீ சிரிப்பாய், சிரித்துக்கொள்.

தாளாளர் மனுவை ஒரு விரலால் நகர்த்தினார். "என்னம்மா இது, இவ்ளோ பச்சையா டைப் பண்ணிக்கீறீங்க? தகாத வார்த்தைன்னு போட்டு வேற ஒண்ணு குடுங்க, ஃபைல்ல வெச்சிக்கறேன். சார் இந்த ரூம்லயே சாரி கேட்டுடுவாரு. முடிச்சிக்கலாம்." அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்கம்மா. உங்க பையன் இந்த மாதிரி பேசுற ஆளா?" அப்போதுதான் நான் சொல்லாததைச் சொல்லாமல் விட்டு, சொன்னதைச் சொன்னேன்.

நீ உன் கதையை இதோடு நிறுத்திவிடுகிறாய். ஆனால் வேலை போனது இங்கே இல்லை. இதற்கு அப்புறம்தான் மாயா பேசினாள். அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. "சார், வேலைய எடுக்க வேணா சார். அவரும் சின்னப் புள்ளதான். கிளாஸ்க்கு வந்து, எல்லாப் பசங்க முன்னாடி, நான் சொன்னது தப்பு, இவ பேரு அஸ்மிதான்னு சொல்லட்டும். அது போதும். பசங்க எல்லாம் இப்ப அப்டித்தான் கூப்புடுது. எங்க தெருவுலயும் கூப்புடுது. ரூம்ல சாரி சொன்னா பசங்களுக்கு எப்டி தெரியும்?"

அந்த அறையில் அன்று புத்தியோடு பேசியது அவள் ஒருத்திதான். தாளாளர் உடனே தலையை ஆட்டினார். "அது மட்டும் முடியாதும்மா. பசங்க முன்னாடி ஒரு வாத்தியார் தப்புன்னு ஒத்துக்கினா, நாளைக்கு எவன் பேச்சையும் எவனும் கேக்க மாட்டான்." ஒரு பேச்சுக்கு உன்னையும் கேட்டார். "நீங்க இன்னா சொல்றீங்க சார்?" அவர் முடியாது என்றதை நீ மீறியிருக்கலாம். சொல்லிவிட்டுப் போகிறேன் சார், ஒரு நிமிஷ வேலை என்றிருக்கலாம். வகுப்பு எதிரேதான் இருந்தது. பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்கிற சத்தம் உள்ளே கேட்டுக்கொண்டிருந்தது. வராந்தாவைக் கடந்து பத்து எட்டு வைத்தால் போதும். நீ சொன்னது இது: "அஞ்சாங்கிளாஸ் பசங்க முன்னாடி நான் கைய கட்டிகினு நிக்கணுமா? அதுவும் இதுக்காகவா? எனக்கு இந்த வேலையே வேணா." "இதுக்காக" என்றபோது உன் தாடை அந்தப் பெண்ணின் பக்கம் அசைந்தது. விசிலைக் கழற்றி மேசைமேல் போட்டாய். தாளாளர் உன்னைத் தடுக்கவில்லை, உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. நீ ஒப்பந்த ஆசிரியன். ஒரு வாத்தியார் பிள்ளைகள் முன்னால் தலை குனிவதைவிட, ஒரு வாத்தியாரே இல்லாமல் போவது அவருக்கு வசதியாக இருந்தது. உனக்கும்தான். உன் வேலையை யாரும் பறிக்கவில்லை. "இவள் பெயர் அஸ்மிதா" என்று சொல்வதைவிட அதை விட்டுவிடுவது உனக்குச் சுலபமாக இருந்தது, விட்டாய்.

என் பங்கையும் எழுதுகிறேன். நீ வயிற்றில் இருந்தபோது எனக்குக் குங்குமப்பூ வாங்கிக் கொடுத்தார்கள், பாலில் போட்டுக் குடித்தேன். நீ பிறந்த பிறகு தினமும் கடலைமாவு போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டினேன். அழுவாய், இன்னும் அழுத்தித் தேய்ப்பேன். கறுப்பு என்றால் கழுவ வேண்டிய ஒன்று என்று உன் சயின்ஸ் சாருக்கு முன்பே உனக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். இதைச் சொல்வது உன்னைத் தப்பவிடுவதற்காக இல்லை. என் கையால் தேய்த்த அந்தத் தோலோடுதான் நீ ஒரு மனிதனாக வளர்வாய் என்று நினைத்தேன். பட்டவனுக்கு வலி தெரியும், அதனால் அடுத்தவனை அடிக்க மாட்டான் என்று நான் படித்த புத்தகங்கள் எனக்குச் சொல்லியிருந்தன. கடையில் ஆள் வராத மதியங்களில் அப்படிப்பட்ட புத்தகங்களை எவ்வளவோ படித்திருக்கிறேன். அவை பொய். பட்டவனுக்கு எங்கே அடித்தால் வலிக்கும் என்பதுதான் நன்றாகத் தெரிகிறது. நீ அவளைக் குண்டு என்றோ சோம்பேறி என்றோ சொல்லவில்லை. அவளால் மாற்றிக்கொள்ள முடியாத ஒன்றை, அவள் கண்ணை, தேடி எடுத்தாய். அந்தத் தேர்ச்சி உனக்கு எங்கிருந்து வந்தது என்று நம் இருவருக்கும் தெரியும்.

பெங்களூரில் உன்னை யாராவது ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். உன் மொழியை வைத்தோ நிறத்தை வைத்தோ. ஜிம்மில் எடை தூக்குகிற பணக்காரப் பையன் ஒருவன், செல்லமாகத்தான், சிரித்துக்கொண்டேதான் கூப்பிடுவான். நீயும் சிரிப்பாய். வேலை வேண்டுமே. அன்று அறைக்கு வந்து எனக்குப் போன் செய்யத் தோன்றும். செய்யாதே. நான் ஆறுதல் சொல்ல மாட்டேன். கோபத்தில் இதை எழுதவில்லை, இரண்டு நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன். உன் ஆறுதலுக்கான வழி மண்ணூர்பேட்டையில் ஒரு பள்ளியின் வராந்தாவில் இருக்கிறது. அதைக் கடந்துவிட்டு வந்து எனக்குப் போன் செய். அதுவரை நீ சாப்பிட்டாயா என்று நான் கேட்க மாட்டேன். உன் அப்பா கேட்பார். அது போதும் என்று உனக்குத் தோன்றினால், எனக்கு ஒரு மகன் இருந்தான் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியும் பெண்கள் இருக்கிறார்கள். எனக்கு இன்னும் நிறைய வயது மிச்சமிருக்கிறது.

நேற்று உங்கள் பள்ளியின் கிளார்க் பெண் கேள்வித்தாள் நகல் எடுக்கக் கடைக்கு வந்தாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது அவளாகவே சொன்னாள். சாருக்கு வேறு நல்ல வேலை கிடைத்துவிட்டது என்று ஐந்தாம் வகுப்பில் சொன்னார்களாம், பிள்ளைகள் கை தட்டினார்களாம். அந்த வாரமே புது பி.டி. சார் வந்துவிட்டார். முதல் நாள் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து ஒவ்வொருவர் பெயராகக் கேட்டிருக்கிறார். அஸ்மிதாவின் முறை வந்தபோது, அவள் வாயைத் திறப்பதற்குள் வகுப்பே சேர்ந்து "மோமோ, சார்" என்றதாம். அவரும் அப்படியே கூப்பிடுகிறாராம்.